ஹேஸ்டியை நீக்காதீர்கள்: தொகுப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தொகுப்புக் குழுவினருக்கு,

உலக நீதித்துறை முன்னோடிகளைப் பற்றி நீங்கள் கொண்டுவரவிருக்கும் தமிழ்த் தொகுதியிலிருந்து அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞரும் நீதிபதியுமான வில்லியம் ஹென்றி ஹேஸ்டி பற்றிய கட்டுரையை எடுத்துவிட்டீர்கள். நம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தர்குட் மார்ஷல் இருக்கிறாரே, அது போதும் என்பது நீங்கள் சொன்ன காரணம். மார்ஷல் கட்டுரைக்குள் "இவருக்குப் பாடம் நடத்தியவர்களுள் ஹேஸ்டியும் ஒருவர்" என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அச்சுக்கு முந்தைய மெய்ப்புப் படியை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். ஹேஸ்டியை எடுத்ததால் உங்கள் மற்றப் பக்கங்களும் பிழைபட்டுப் போயிருக்கின்றன. எங்கே, எப்படி என்று சொல்கிறோம்.

மார்ஷல் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அவரை "அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. (கூட்டாட்சி என்பது மாநிலங்களுக்கு மேலான நாட்டு அரசு.) 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட், கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட விர்ஜின் தீவுகளின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஹேஸ்டியை நியமித்தார். செனட்டில் எதிர்ப்பு இருந்தது; அதைத் தாண்டித்தான் ஒப்புதல் கிடைத்தது. கூட்டாட்சி நீதிபதியான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். அப்போது வயது 32. அது மாநிலம் என்ற தகுதி இல்லாத ஆட்சிப்புலம் ஒன்றின் நீதிமன்றம் என்பதால் பதவி ஆயுளுக்கு அல்ல, குறித்த காலத்துக்குத்தான். 1945இல் இன்னொரு கறுப்பினத்தவரான இர்வின் மாலிசன் சுங்க நீதிமன்ற நீதிபதியானார். 1949 அக்டோபரில் அதிபர் ட்ரூமன் ஹேஸ்டியை மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் ஆயுள் பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரும் ஹேஸ்டியேதான். 1961இல் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் பார்சன்ஸ் இல்லினாய் மாநிலத்தில் கூட்டாட்சி விசாரணை நீதிபதியானார். அதே ஆண்டில்தான் மார்ஷல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே வருகிறார். ஹேஸ்டி அப்போது அதே படிநிலையில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்திருந்தார். மார்ஷலுக்கு உரிய "முதல்" 1967இல் வருகிறது: உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அந்தப் பெருமை அவருக்குப் போதும். இன்னொருவருடையதையும் அவர் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

இதைத் திருத்தும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. ஹேஸ்டியை "முதல் கறுப்பின நீதிபதி" என்று மொட்டையாக எழுதினாலும் பிழைதான். தென் கரோலினா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜொனாதன் ஜாஸ்பர் ரைட் 1870லேயே அமர்ந்தார். வாஷிங்டன் நகர நீதிமன்றத்துக்கு 1910இல் அதிபர் டாஃப்ட் நியமித்த ராபர்ட் டெரல், கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படித்த, வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டமும் கற்பித்தவர். எந்த நீதிமன்றம், என்ன வகைப் பதவி என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் "முதல்" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

அடுத்தது அந்த ஒற்றை வரி. "பாடம் நடத்தியவர்" என்பதோடு ஹேஸ்டி முடிந்துபோகிறார். அவர் 1904 நவம்பரில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் பிறந்தவர். வாஷிங்டனில் டன்பர் உயர்நிலைப் பள்ளி, 1925இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கணிதம் படித்து வகுப்பில் முதலிடம், 1930இல் ஹார்வர்டில் சட்டப் பட்டம், 1933இல் அங்கேயே சட்ட முனைவர் பட்டம். ஹோவர்டில் 1930இல் கற்பிக்கத் தொடங்கினார். மார்ஷல் 1908இல் பிறந்தவர், அங்கே 1933இல் முதல் மாணவராகத் தேறியவர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நான்கு வயது வித்தியாசம்கூட இல்லை. ஆகவே "முதிய ஆசான்" என்று நீங்கள் தீட்டியிருக்கும் சித்திரமும் பொருந்தாது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் இருவரும் ஒரே மேசையில் நின்று வாதாடினார்கள்.

அந்தக் காலத்து ஹோவர்ட் சட்டப் பள்ளியில் என்ன நடந்தது என்பது உங்கள் தொகுதியில் எங்குமே இல்லை. ஹேஸ்டியின் உறவினரான சார்ல்ஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் அதை மாலைநேரப் பள்ளி என்ற நிலையிலிருந்து முழுநேரப் பள்ளியாக மாற்றினார். 1931இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அந்த மாற்றத்தின் நடுவில்தான் ஹேஸ்டி வகுப்பெடுத்தார். 1939 முதல் 1946 வரை அதன் புல முதல்வராகவும் (டீன்) இருந்தார். குடிமையுரிமைச் சட்டத்தைத் தனிப் பாடமாக ஜேம்ஸ் நாப்ரிட் 1938இல் அங்கே தொடங்கியிருந்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் முக்கிய வாதங்களை முதலில் அங்கே ஒத்திகை பார்க்கும் வழக்கமும் உருவானது: பேராசிரியர்கள் நீதிபதிகளாக அமர்ந்து, எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய மிக மோசமான கேள்விகளைக் கேட்பார்கள், மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கவனிப்பார்கள். பாலி மர்ரே என்ற மாணவி 1944இல் வகுப்பில் முதலிடம் பெற்றுத் தேறியது ஹேஸ்டியின் நிர்வாகக் காலத்தில்தான். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததுபோல் உங்கள் மார்ஷல் கட்டுரை எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம், இந்தப் பட்டறை அதில் இல்லாததே.

அந்தப் பட்டறையில் தோல்விகளும் பாடமாயின. ஹேஸ்டியின் 1933ஆம் ஆண்டு வழக்கைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தாமஸ் ஹோகட் என்ற இளைஞர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளியில் சேர விண்ணப்பித்தார். அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவருக்கு வேறு மருந்தியல் பள்ளி கிடையாது. கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. டர்ஹம் நகரத்து இளம் வழக்கறிஞர்கள் கான்ராட் பியர்சனும் சிசில் மெக்காயும் வழக்கை எடுத்தார்கள். கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அவர்களுக்குத் துணையாக ஹேஸ்டியை அனுப்பியது. அவருக்கு வயது 28.

வழக்கு தோற்றது. ஏன் தோற்றது என்பதில்தான் சட்ட மாணவருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. சேர்க்கைக்குச் சான்றளித்த மதிப்பெண் பட்டியல் தேவை. ஹோகட் படித்த கறுப்பினக் கல்லூரி மாநில அரசின் நிதியில் நடந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஷெப்பர்டு பட்டியலை அனுப்ப மறுத்துவிட்டார். பட்டியல் இல்லாததால் மனுதாரர் தகுதி உடையவர் என்பதையே மெய்ப்பிக்க முடியவில்லை. கேட்ட நிவாரணத்திலும் ஓட்டை இருந்தது. செயலுறுத்தும் நீதிப்பேராணை (கடமையைச் செய் என்று அரசு அமைப்புக்கு நீதிமன்றம் இடும் ஆணை) வழியாக "சேர்த்துக்கொள்" என்று ஆணையிட முடியாது, இனம் பாராமல் விண்ணப்பத்தை நேர்மையாகப் பரிசீலிக்கச் சொல்லத்தான் முடியும் என்றது நீதிமன்றம். அரசமைப்புக் கேள்வியைத் தொடுவதற்கு முன்பே, ஒரு தாளும் ஒரு கோரிக்கை வரியும் வழக்கை முடித்துவிட்டன.

இரண்டே ஆண்டில் அந்தக் குறைகள் சரிசெய்யப்பட்டன. 1935இல் மேரிலாந்து சட்டப் பள்ளிக்கு எதிராக ஹியூஸ்டனும் மார்ஷலும் தேர்ந்தெடுத்த மனுதாரர் டொனால்டு மர்ரே, ஹேஸ்டியைப் போலவே ஆம்ஹர்ஸ்ட் பட்டதாரி. அவருடைய தகுதியை யாரும் கேள்வி கேட்க வழியில்லை. மாநில அரசின் தயவை நம்பி நடக்கும் கல்லூரி எதுவும் அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் முடியாது. மர்ரேக்கு இடம் கிடைத்தது. உங்கள் தொகுதி மர்ரே வழக்கை "மார்ஷலின் முதல் பெரிய வெற்றி" என்று சொல்கிறது. சரிதான். அந்த வெற்றிக்கு முன்னால் டர்ஹமில் ஒரு தோல்வி இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால், மனுதாரரை ஏன் அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வாசகருக்கு விளங்காது.

இனி ஸ்மித் எதிர் ஆல்ரைட் என்ற வழக்கு. உங்கள் மெய்ப்பில் இதற்கு ஒன்றரை வரி: "1944இல் மார்ஷல் கறுப்பினத்தவருக்கு முதன்மைத் தேர்தலில் வாக்குரிமை பெற்றுத் தந்தார்." வாதாடியவர்கள் ஹேஸ்டி, மார்ஷல் இருவரும். அதைவிட அந்த "முதன்மைத் தேர்தல்" எங்களை அதிகம் உறுத்துகிறது. நம் வாசகர் அதைப் பொதுத் தேர்தல், அதாவது பெரிய தேர்தல் என்றுதான் புரிந்துகொள்வார். நடந்ததோ கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தல். டெக்சஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியை அந்நாளில் யாரும் பொதுத் தேர்தலில் வெல்ல முடியாது என்பதால், கட்சித் தேர்தலில் வென்றவரே பதவிக்கு வந்தார். கட்சித் தேர்தலில் வாக்கு இல்லாதவருக்குப் பொதுத் தேர்தலில் வாக்கு இருந்தும் பயனில்லை. இதைச் சொல்லாமல் அந்த வழக்கைச் சொல்லவே முடியாது.

டெக்சஸ் என்ன செய்தது என்பதைப் படிப்படியாக எழுதினால் அரைப் பக்கம் பிடிக்கும், கொடுக்கத் தகுந்த அரைப் பக்கம். 1923இல் மாநிலச் சட்டமே கறுப்பினத்தவரைக் கட்சித் தேர்தலிலிருந்து விலக்கியது. 1927இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்தது. மாநிலம் சட்டத்தை மாற்றி, யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் கொடுத்தது. 1932இல் அதையும் நீதிமன்றம் அடித்தது, ஏனெனில் அந்த அதிகாரம் சட்டத்திலிருந்து வந்தது. பிறகு கட்சி மாநாடே கூடி, வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினர் என்று தீர்மானம் போட்டது. 1935இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்றுக்கொண்டது. கட்சி தனியார் சங்கம், அது யாரைச் சேர்த்தால் அரசமைப்புக்கு என்ன என்பது வாதம். ஒவ்வொரு முறையும் அரசின் கைரேகை ஒரு படி பின்னால் மறைக்கப்பட்டது. இரண்டு முறை பிடிபட்டு, மூன்றாம் முறை தப்பித்தார்கள்.

ஹேஸ்டியும் மார்ஷலும் அந்தக் கைரேகையைத் தேடி எடுத்தார்கள். 1941இல் லூசியானா மாநிலத்து வாக்கு மோசடி வழக்கு ஒன்றில், கட்சித் தேர்தல் தேர்தல் நடைமுறையின் பிரிக்க முடியாத பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்குக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை. அதை இங்கே கொண்டுவந்து பொருத்தியதுதான் திறமை. ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லானி ஸ்மித்துக்கு 1940 ஜூலை 27 அன்று வாக்குச் சீட்டு மறுக்கப்பட்டது. அந்தச் சீட்டில் மாநிலப் பதவிகள் மட்டும் இல்லை. கூட்டாட்சி செனட்டுக்கும் பிரதிநிதிகள் சபைக்குமான வேட்பாளர்களும் இருந்தார்கள். லூசியானா தீர்ப்பு பொருந்துவதற்கு அது வேண்டும். கட்சித் தேர்தலை நடத்தும் முறை மாநிலச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. வென்றவரின் பெயர் சான்றளிக்கப்பட்டுப் பொதுத் தேர்தல் சீட்டில் ஏறுகிறது. தகராறு வந்தால் தீர்ப்பது மாநில நீதிமன்றங்கள். இத்தனையும் அரசு செய்துகொடுக்க, சங்கம் மட்டும் எப்படித் தனியார் ஆகும்?

கீழமை நீதிமன்றங்கள் இரண்டும் 1935ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஸ்மித்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றத்தில் 1943 நவம்பரில் ஒரு முறையும் 1944 ஜனவரியில் மீண்டும் ஒரு முறையும் வாதம் நடந்தது. 1944 ஏப்ரல் 3 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தானே ஒருமனதாகச் சொன்னதை நீதிமன்றம் தலைகீழாக்கியது. மாறுபட்ட ஒற்றை நீதிபதி ராபர்ட்ஸ், 1935ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர். தென் மாநிலங்களில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 1940இல் வாக்காளராகப் பதிந்திருந்தோர் சுமார் 3 விழுக்காடு. 1947இல் சுமார் 12 விழுக்காடு என்பது வழக்கமாகத் தரப்படும் மதிப்பீடு. எங்கள் பார்வையில், பள்ளி வழக்குக்கு முன் கறுப்பினத்தவர் வென்ற ஆகப் பெரிய நீதிமன்ற வெற்றி இது. ஒன்றரை வரி போதாது.

ஐரீன் மார்கன் வழக்கு உங்கள் தொகுதியில் இல்லவே இல்லை. ரோசா பார்க்ஸின் பெயரைத் தமிழில் படித்த அனைவருக்கும் தெரியும். அவருக்குப் பதினோரு ஆண்டு முன்னால், 1944 ஜூலையில், வர்ஜீனியாவிலிருந்து பால்டிமோருக்குப் போன கிரேஹவுண்டு பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் மார்கன். கைதை எதிர்த்ததற்காக விதித்த 100 டாலர் அபராதத்தைக் கட்டினார். இனப்பிரிவினைச் சட்டத்தை மீறியதற்கான 10 டாலரைக் கட்ட மறுத்தார். அந்தப் பத்து டாலர்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946 மார்ச்சில் அங்கே வாதாடியவர்கள் ஹேஸ்டியும் மார்ஷலும்.

அவர்கள் சமத்துவத்தைக் கேட்டு வாதாடவில்லை. "பிரித்தாலும் சமம்", அதாவது வசதிகள் சமமாக இருந்தால் இனம் பார்த்துப் பிரிக்கலாம் என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்போதும் உயிரோடு இருந்தது. அதில் முட்டினால் தோல்வி ஏறக்குறைய உறுதி. ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கூட்டாட்சிக்கே உரியது என்ற பிரிவைப் பிடித்தார்கள். எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் பயணிகள் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டும் என்றால் அது வணிகத்துக்குத் தடை. இதற்குத் துணையாக நின்றது 1878ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. அந்த வழக்கில் லூசியானா மாநிலம் கப்பல்களில் இனப்பிரிவினை கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. அது வணிகத்துக்குத் தடை என்று உச்ச நீதிமன்றம் அதை அடித்திருந்தது. கறுப்பினத்தவருக்கு எதிராக வந்த பழைய தீர்ப்பையே எடுத்து, பிரிவினைக்கு எதிராகத் திருப்பினார்கள். 1946 ஜூன் 3 அன்று ஏழுக்கு ஒன்று என்று வென்றார்கள். இந்த வழியில் கிடைத்த வெற்றிக்கு எல்லையும் அதிலேயே இருந்தது: மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துக்குத்தான் தீர்ப்பு பொருந்தும், ஊருக்குள் ஓடும் பேருந்துக்கு இல்லை. 1955இல் மான்ட்கமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் ஏன் மறுபடி போராட வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. உங்கள் வாசகர் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்.

போர்த்துறைப் பதவி விலகலையும் நீங்கள் தொடவில்லை. 1940 முதல் ஹேஸ்டி போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனின் குடிமை உதவியாளராக, அதாவது படையைச் சேராத உதவியாளராக இருந்தார். விமானப்படை கறுப்பின விமானிகளுக்கென அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் தனித்தளம் அமைத்தது. முதல் வகுப்பில் சேர்ந்தோர் 13 பேர், 1942 மார்ச்சில் தேறியோர் 5 பேர். கறுப்பின வீரர்களை அங்கே பயிற்றுவிப்பதை ஹேஸ்டி எதிர்க்கவில்லை. அங்கே மட்டும் பயிற்றுவிப்பதை எதிர்த்தார். தனித்தளம் என்றால் எல்லாவற்றையும் இரண்டாகச் செய்ய வேண்டும். பயிற்சி முடித்தவரை அனுப்ப வேறு இடம் இருக்காது. விமானம் ஓட்டாத கறுப்பின வீரர்கள் வெறும் கூலிவேலைப் படைப்பிரிவுகளில் அடைக்கப்படுவார்கள். இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தார். மிசௌரியின் ஜெஃபர்சன் பாராக்ஸில் இன்னொரு தனிப் பள்ளி தமக்குத் தெரியாமலே திட்டமிடப்பட்டதை அறிந்ததும் 1943 ஜனவரியில் விலகினார். விலகிய பின் காரணங்களைச் சிறு வெளியீடாகவும் எழுதி வெளியிட்டார். போர்க் காலத்தில், அரசுக்குள் ஒரு கறுப்பினத்தவர் எட்டிப் பிடிக்கக்கூடிய மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை விட்டு வெளியே வந்தவரை, "மார்ஷலின் ஆசிரியர்" என்ற வரிக்குள் அடைக்க முடியாது.

விர்ஜின் தீவுகளின் ஆளுநர் பதவி (1946 முதல் 1949 வரை) பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். "ஆளுநர்" என்று எழுதினால் நம் வாசகர் ராஜ்பவனை நினைப்பார். அங்கே ஆளுநர்தான் நிர்வாகத்தை நடத்துபவர். ஒரு சொற்றொடர் சேர்த்து அதை விளக்குங்கள். அந்தத் தீவுகளின் அடிப்படை நிர்வாகச் சட்டத்தை 1936இல் உள்துறை அலுவலகத்தில் வரைந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்தால் கதை முழுமையாகும். சட்டத்தை வரைய உதவினார், பிறகு அங்கே நீதிபதி, பிறகு ஆளுநர். பிறகு பிலடெல்பியாவின் மூன்றாம் வட்டார நீதிமன்றம். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர் மாநிலங்களோடு விர்ஜின் தீவுகளின் மேல்முறையீடுகளும் அந்த நீதிமன்றத்துக்குத்தான் வருகின்றன.

அங்கே அவர் 1968 முதல் 1971 வரை தலைமை நீதிபதி. 1976 ஏப்ரல் 14 அன்று காலமானார். மேல்முறையீட்டு நீதிபதியாக அவர் எழுதிய தீர்ப்புகளில் பரபரப்பு குறைவு என்பது உண்மை. மூவர் அமர்வில் வரி, தொழிலாளர், குற்றவியல் வழக்குகள் என்று தேவையான அளவே எழுதி நிறுத்துபவர். 1962இல் அதிபர் கென்னடி உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயரைப் பரிசீலித்தபோது, வழக்கறிஞராகப் போராடியவர் நீதிபதியாக மிதவாதியாகிவிட்டார் என்ற குறை எழுந்தது. இடம் பைரன் ஒயிட்டுக்குப் போனது. அந்தக் குறை நியாயமா என்பதைக் கட்டுரையில் விவாதியுங்கள். நாங்கள் அதற்கு எதிரிகள் அல்ல. எங்கள் கருத்து, கறுப்பின நீதிபதி பாரபட்சமாக இருப்பார் என்று சந்தேகித்த காலத்தில் அந்த அளவான நடையே அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்தது என்பது. அந்தச் சந்தேகம் கற்பனை அல்ல. அதே பிலடெல்பியாவில், 1974இல், ஒரு தொழிற்சங்கப் பாகுபாட்டு வழக்கில், நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம் கறுப்பின வரலாற்றாய்வாளர்கள் கூட்டத்தில் பேசினார் என்பதைக் காட்டி அவர் விலக வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளை நீதிபதிகளிடம் கேட்காத கேள்வியைத் தன்னிடம் கேட்க முடியாது என்று விரிவாக எழுதி அவர் மறுத்தார். ஹிக்கின்பாதமும் பேராசிரியர், 1977இல் ஹேஸ்டியின் அதே நீதிமன்றத்துக்கு உயர்ந்தவர். உங்கள் தொகுதியில் அவரும் இல்லை.

சொற்களுக்கு வருவோம். தொகுதி முழுவதும் "குடியுரிமை இயக்கம்" என்று இருக்கிறது. குடியுரிமை என்றால் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை. அவர்கள் அதற்காகப் போராடவில்லை. 1868இலேயே அரசமைப்புத் திருத்தம் அதைக் கொடுத்துவிட்டது. குடிமகனுக்கு உரிய உரிமைகள் கையில் வரவேண்டும் என்பதே போராட்டம், ஆகவே "குடிமையுரிமை". "மாவட்ட நீதிமன்றம்" என்று எழுதியதும் நம்மவர் உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள மாவட்ட நீதிமன்றத்தை நினைப்பார்; அங்கே அது கூட்டாட்சி விசாரணை நீதிமன்றம். "சுற்று நீதிமன்றம்" சுற்றிக்கொண்டிருப்பதுபோல் ஒலிக்கிறது, "வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்" என்று போடுங்கள். ஹேஸ்டியை "தலைமை நீதிபதி" என்னும்போது வட்டாரத்தின் பெயரையும் சேர்க்காவிட்டால் நாட்டின் தலைமை நீதிபதி என்று ஆகிவிடும். "நீக்ரோ" என்ற சொல்லை அன்றைய நிறுவனங்களின் பெயரில் வரும்போது மட்டும் விட்டுவைத்து, உங்கள் சொந்த வாக்கியங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். புல முதல்வரை வெறும் "முதல்வர்" என்று எழுதினால் வாஷிங்டனில் மாநில முதல்வர் யார் என்று பள்ளிப் பிள்ளை குழம்பும்.

நாங்கள் கேட்பவை:

ஹேஸ்டி கட்டுரையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். குறைந்தது எட்டுப் பக்கம். அதில் பாதியை ஹோகட், ஆல்ரைட், மார்கன் ஆகிய மூன்று வழக்குகளுக்கு ஒதுக்க வேண்டும். பக்கம் கூடுகிறது என்றால் மார்ஷல் கட்டுரையில் இருமுறை வரும் இளமைக்காலப் பகுதியைக் குறைத்து இடம் எடுக்கலாம்.

மார்ஷல் கட்டுரையின் முதல் பத்தியில் "முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி" என்பதை "அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி (1967)" என்று மாற்ற வேண்டும். 1944, 1946 வழக்குகளைச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஹேஸ்டி, மார்ஷல் இருவர் பெயரையும் எழுத வேண்டும்.

மேலே சொன்ன ஆறு சொற்களையும் தொகுதி முழுவதும் ஒரே சீராகத் திருத்த வேண்டும். பெயர்ச்சொல் அட்டவணையில் ஹேஸ்டி, ஹியூஸ்டன், நாப்ரிட், பாலி மர்ரே, ஹிக்கின்பாதம் ஆகியோரைச் சேர்க்க வேண்டும்.

ஹிக்கின்பாதம் பற்றி அடுத்த பதிப்பிலாவது தனிக் கட்டுரை வரும் என்று முன்னுரையில் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

திருத்திய மெய்ப்பை அச்சுக்கு அனுப்பும் முன் எங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பத்து நாளில் படித்து, தேதிகளையும் வழக்கு விவரங்களையும் சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம். இதற்குக் கட்டணம் வேண்டாம், எங்கள் பெயரும் நூலில் வர வேண்டாம். உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்கச் சட்ட வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்தும் கற்பித்தும் வருவோர் சிலர்